ஒரே சாடையில் ஏழு பேர்

நகரி தாண்டி, புத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. எங்களுக்கு முன்னால் லாரி, கார், ஆட்டோ என்று கண்ணுக்கெட்டிய மட்டும் வரிசை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, எதிரே வந்த பைக்காரரிடம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஏதோ கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "முந்து பெத்த ப்ரமாதம்" என்றார்.

என் பக்கத்தில் பெரியம்மா. எழுபத்து நான்கு வயது. அம்மா வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் அவர்தான். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. ஏழுமலையானை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டி நின்னு கெடக்குது, பிரமாதம்ங்கிறானே. எதுடா பிரமாதம்?"

"ஆக்சிடென்டாம் பெரியம்மா. தெலுங்குல பிரமாதம்னா விபத்து."

"அப்ப பெத்த?"

"பெத்தன்னா பெரிய."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கச்சேரி முடிஞ்சதும் தெலுங்கு வித்வான்கிட்டப் போயி பிரமாதம்னு சொன்னா அடிக்க வருவாரோ?"

ஒன்றரை மணி நேரம் நின்றோம். அந்த நேரம் முழுக்க என் மண்டைக்குள் இதுதான் ஓடியது.

சம்ஸ்கிருதத்தில் பிரமாதம் என்றால் கவனக்குறைவு. வேர் ‘மத்’; மயங்குவது, வெறி கொள்வது. யானைக்குப் பிடிக்கிற மதமும் இதே வேர்தான். ஊமத்தை என்கிறோமே, அது ‘உன்மத்தம்’. தின்றால் பித்துப் பிடிக்கும் என்பதால் வந்த பெயர். புத்தர் கடைசியாகச் சொன்னதாகப் பாலி நூல்கள் தரும் வாக்கில் வருகிற ‘அப்பமாதம்’ இதன் எதிர்ச்சொல்: அசட்டையாக இராதீர்கள் என்பது பொருள். தெலுங்கர்கள் அசட்டையிலிருந்து அதன் விளைவுக்குப் போனார்கள். கவனம் தப்பினால் ஆபத்து, ஆபத்து என்றால் விபத்து. அது நேர்வழி. நாம் எப்படி விபத்தைக் கைதட்டலாக மாற்றினோம்?

நடுவழி இன்னும் நம் பேச்சில் கிடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. "அதென்ன பெரிய பிரமாதம்?" என்று கேட்கிறோம். "சின்ன விஷயத்தைப் போய்ப் பிரமாதப்படுத்தாதே" என்கிறோம். இங்கெல்லாம் பிரமாதம் புகழ்ச்சி இல்லை. அளவுக்கு மீறியது என்பதுதான். தப்பு, பெரிய தப்பு, பெரியது, ஆகா. இன்றைக்குக் காலேஜ் பிள்ளைகள் "பயங்கரமா பாடுறா" என்று மெச்சுகிறார்களே, அதே தடம். நூறு வருஷம் கழித்து ‘பயங்கரம்’ என்ற சொல்லுக்கு அகராதி என்ன சொல்லுமோ.

அன்று ராத்திரி திருப்பதி லாட்ஜில் இன்னொன்று கிடைத்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னையும் பெரியம்மாவையும், கூட வந்த மாமா குடும்பத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "இங்கோ கதி அவசரமா?" என்றார். மாமா திடுக்கிட்டார். கதி தெலுங்கில் அறை. அவசரம் தெலுங்கில் தேவை. இன்னொரு ரூம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். தமிழ்க் காதுக்கு அது யாருடைய இறுதிப் பயணத்தையோ விசாரிப்பது மாதிரி இருந்தது.

அவசரம் சம்ஸ்கிருதத்தில் வாய்ப்பு, தக்க சமயம். இந்தியிலும் மலையாளத்திலும் இன்றும் அதுதான் பொருள். மலையாளி உங்களுக்கு ஓர் அவசரம் தருகிறார் என்றால் சந்தோஷப்பட வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் அது ஓட்டம், பதற்றம். சமயம் வந்துவிட்டது, விட்டால் போய்விடும், ஓடு என்று நாம் எடுத்துக்கொண்டோம் போலிருக்கிறது. தெலுங்கர்கள் அதைத் தேவை ஆக்கினார்கள். இப்படி ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஆளுக்கொரு ஊரில் குடியேறிய சொற்களைப் பட்டியல் போட்டால் விடிந்துவிடும். ‘அபிமானம்’ இந்தியில் கர்வம்; தமிழிலும் தெலுங்கிலும் பற்று, அதனால்தான் நமக்கு அபிமான நடிகர் இருக்கிறார்; வங்காளத்தில் அது நெருக்கமானவர்மேல் வரும் ஊடல் கலந்த மனத்தாங்கல்.

எனக்கு இவற்றில் ரொம்பப் பிடித்தது சம்சாரம். சேர்ந்து ஓடுவது, சுழல்வது என்பது அடிப்படை. பிறவிச் சுழல் என்று தத்துவக்காரர்கள் பயந்தது அதைக் கண்டுதான். இந்தியில் உலகம். வங்காளத்திலும் தெலுங்கிலும் குடித்தனம். தமிழில் அது மனைவி. கரிசல் காட்டுப் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி. மலையாளத்தில் மட்டும் அது பேச்சு. எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பாலக்காட்டு நண்பர் ஒருவர் முதல் வாரத்திலேயே, "நேற்று மேனேஜரோட ஒரு மணிக்கூர் சம்சாரிச்சு" என்று சொல்லப்போய், அந்த மேனேஜர் ஒரு பெண் என்பதால், அந்தச் செய்தி மூன்று மாடிக்கும் போனது.

இவையெல்லாம் ஒரே ஆள் வேறு வேறு வேஷம் போடுவது. ஆனால் உலகத்தில் ஒரே சாடையில் ஏழு பேர் இருப்பார்கள் என்று பெரியம்மா சொல்வார். அந்த ஏழு பேரும் சொந்தக்காரர்கள் இல்லை. அதே சமயம், கூடப் பிறந்த அண்ணன் தம்பி ஒருவரையொருவர் உரித்து வைத்தாற்போல இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சொற்களிலும் அப்படித்தான். சாடையை நம்பிச் சொந்தம் கொண்டாடுவது நம் ஊரில் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டதால், இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை மலை ஏறும்போது பஸ்ஸுக்குள் ஒரு கூட்டம் "ஏடுகொண்டலவாடா!" என்று குரல் எழுப்பியது. தமிழனாகக் காது கொடுத்தால் என்ன கேட்கிறது? ஏடு, கொண்டல், வாடு. ஓலை, மேகம், வதங்குதல். ஒரு சங்கப் பாட்டின் மிச்சம் போல இருக்கிறது. பொருள் மட்டும் சேரவில்லை. சாடை முழுக்க நம்முடையது, சொந்தம் துளியும் இல்லை.

இப்போது தெலுங்காகப் பிரியுங்கள். ஏடு என்றால் ஏழு. தெலுங்கில் நம் ழகரம் பல இடங்களில் டகரமாக நிற்கும்: கோழி அங்கே கோடி, பாழ் அங்கே பாடு. கொண்ட என்றால் மலை. நம் குன்று இருக்கிறதே, அதன் உடன்பிறப்பு. வாடு என்றால் அவன். சொல்லின் முதலில் நிற்கும் உயிரை உள்ளே தள்ளிவிடுவது தெலுங்கின் பழக்கம்; அவர் அங்கே வாரு ஆவார், இவர் வீரு ஆவார். ஆக ஏழு, குன்று, அவன். நாம் ஏழுமலையான் என்று சொல்வதையேதான், நம்முடைய அதே மூன்று பழஞ்சொற்களை வைத்து அவர்களும் சொல்கிறார்கள். மேகமும் ஓலையும் வெறும் முகச்சாடை. உண்மையான உறவு வேறு முகத்தோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது. அதுவும் எந்த மலையில்? ‘வடவேங்கடம் தென்குமரி’ என்று தமிழுக்கு எல்லை சொன்ன மலையில்.

ஒரே ஒரு சோடி ஒத்துப்போனால் அது ஒன்றுமில்லை. ஏழு–ஏடு, கோழி–கோடி, பாழ்–பாடு என்று ஒரே மாற்றம் சொல்லுக்குச் சொல் தவறாமல் வர வேண்டும். அதுதான் ரேஷன் கார்டு. கன்னடத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, போ ஹோகு. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே இருந்தது, பிறகுதான் ஹகரம் ஆனது. அதேபோல நம் செவி அங்கே கிவி. இதைத் தெரிந்துகொண்டால் சேரன் ஏன் கேரளத்தில் இருக்கிறான் என்பதும் விளங்கும். அசோகன் கல்வெட்டிலேயே கேரளபுத்திரர் என்றுதான் வருகிறது. தென்னைக்குக் கேரம் என்று பெயர், அதனால் கேரளம் என்று கதை சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும், தென்னை நல்ல மரம்தான்.

சரி, சாடைக்காரர்களுக்கு வருவோம். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பட்டியல் வரும். ஒன்றிலிருந்து ‘ஒன்’ பிறந்தது, எட்டிலிருந்து ‘எய்ட்’ பிறந்தது, ஆங்கிலமே தமிழின் பேத்தி. அனுப்புகிறவர் ஓய்வு பெற்ற மாமா ஒருவர். அவரோடு சண்டை போட எனக்கு மனம் வராது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றும் ‘ஒன்’னும் இன்றைக்கு ஒத்திருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கி நடத்துங்கள். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. இன்றைய உச்சரிப்பில் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘வ’ ஒலி பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் வந்து சேர்ந்தது. அதனால்தான் அதே சொல்லிலிருந்து வந்த ‘ஓன்லி’, ‘அலோன்’ இரண்டிலும் அந்த ‘வ’ கிடையாது. ஜெர்மனில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. எட்டின் கதையும் இதேதான். ஆங்கில எழுத்தில் நடுவே ஊமையாக நிற்கும் இரண்டு எழுத்துகள் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து வந்த ஒலி. ஜெர்மனில் இன்னும் ‘ஆஃக்ட்’, லத்தீனில் ‘ஆக்டோ’. நம் எட்டைப் பின்னால் நடத்தினால் அது ‘எண்’ணில் போய் நிற்கும்: எண்பது, எண்ணூறு, எண்திசை. கன்னடத்தில் இன்றும் ‘எண்டு’. ‘ஆக்டோ’வும் ‘எண்’ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யாராவது சொந்தம் என்பார்களா? நிஜமான உறவுகள் பின்னால் போகப் போக நெருங்கி வர வேண்டும். இவை விலகிப் போகின்றன.

இந்த விளையாட்டில் எனக்குத் தெரிந்த உச்சம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1960களில் டிக்சன் என்ற மொழியியலாளர் வட குயின்ஸ்லாந்தில், அழிந்துகொண்டிருந்த மபாபரம் என்ற பழங்குடி மொழியைப் பதிவு செய்யப் போனார். நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். ‘டாக்’ என்று பதில் வந்தது. ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடனே இல்லை. பக்கத்து மொழியில் நாய் ‘குடக’. மபாபரத்தில் முதல் அசை உதிர்வதும் உயிர் மாறுவதும் வழக்கம்; வேறு பல சொற்களிலும் அப்படியே நடந்திருக்கிறது. குடக தேய்ந்து தேய்ந்து ‘டாக்’ ஆனது. இரண்டு கண்டங்களில், ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே பிராணிக்கு ஒரே சொல்.

கொரியக் கதை கொஞ்சம் வேறு. என் தங்கை மகள் ராத்திரி பகல் பார்க்காமல் கொரியத் தொடர் பார்ப்பவள். "மாமா, அவங்களும் அப்பான்னுதான் சொல்றாங்க. நாளை நல்ங்கிறாங்க, புல்லைப் புல்ங்கிறாங்க, வான்னா வரணும்" என்று கண் விரியச் சொன்னாள். அவள் முதல் ஆள் இல்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய இலக்கணத்தையும் திராவிட இலக்கணத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டுவிட்டார். ஏழு–ஏடு மாதிரித் தவறாத மாற்று வரிசை ஒன்று இரண்டுக்கும் நடுவே கிடைக்காததால் மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்பதில்லை. ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ள இரண்டு மொழிகளில் ஓரசைச் சொற்கள் சில ஒத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அப்பா, அம்மாவை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றவே கூடாது. பல் முளைக்காத குழந்தைக்கு உதடு ஒன்றுதான் கைவசம். உதட்டை மூடித் திறந்தால் பம்மும் மம்மும்தான் வரும். யாரைப் பார்த்து வருகிறதோ அவர் அதைத் தன் பெயராக எடுத்துக்கொள்கிறார். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா. அங்கே அப்பாக்கள் முந்திக்கொண்டார்கள்.

மலாய் மொழியில் நிஜமும் போலியும் ஒரே கடையில் விற்கும். கட்டில், கடை, பெட்டி, மீசை, கப்பல் எல்லாம் தமிழ் வணிகர்களோடு போய் காத்தில், கெடாய், பெத்தி, மிசாய், காப்பால் என்று நிலைத்தவை, இவற்றில் சந்தேகமில்லை. இதே ருசியில் மலாய்க் கயிறு ‘தாலி’யையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். தாலிக் கயிறு இருக்கிறதே, பிறகென்ன? ஆனால் பிலிப்பைன்ஸில் தகாலோக் பேசுகிறவருக்கும் கயிறு ‘தாலி’. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் மடகாஸ்கரில் ‘தாடி’. அந்தக் குடும்பம் முழுக்கக் கடலோடிகள்; கயிறில்லாமல் படகு ஏது? அது அவர்கள் பாட்டன் சொத்து. நாம் கையை எடுத்துவிட வேண்டியதுதான்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, வாட்ஸப் மாமா எப்போதும் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ‘கேஷ்’ விஷயத்தில் அவர் பாதி ஜெயிக்கிறார். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. ஒன்று ரொக்கம். அது பெட்டி என்ற பொருளுள்ள லத்தீன் ‘காப்சா’விலிருந்து இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது, பணம் வைக்கும் பெட்டி பணமே ஆகிவிட்டது. மற்றது, கிழக்கு நாடுகளில் புழங்கிய சின்னச் செப்புக் காசுகளுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். சீனாவின் சதுர ஓட்டைக் காசுக்குக்கூட அதே பெயர்தான். அந்தக் ‘கேஷ்’ நம் காசு. போர்ச்சுகீசியர் காதில் காசு விழுந்தது, தங்கள் மொழியில் ஏற்கெனவே பெட்டிக்கு இருந்த ‘காய்ஷா’வின் சாடையில் அதை எழுதிவைத்தார்கள். வேற்று ஆள்கள் இருவர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்துக்குள் நுழைந்தார்கள்.

வெளியூர் போகாமலே நம் வீட்டுக்குள்ளும் இது உண்டு. போடிநாயக்கனூரில் ஏல மையத்தில் ஏலம் ஏலம் போகிறது. காய்க்கிற ஏலம் இந்த மண்ணின் பழஞ்சொல். கூவுகிற ஏலம் போர்ச்சுகீசிய ‘லெய்லாவ்’. மலையாளத்தில் இன்றும் லேலம் என்று முதல் லகரத்தை வைத்திருக்கிறார்கள். நாம்தான் சொல்லின் முதலில் லகரம் ஆகாது என்று உதறிவிட்டு, ஏலக்காயின் முகத்தை அதற்கு மாட்டிவிட்டோம்.

நம் எழுத்துமுறையும் இதற்குத் துணை போகிறது. வல்லினத்தில் நாலுக்கு ஒன்று வைத்திருக்கிறோம், அதனால் வேறு வேறு வாசல் வழியாக வந்தவர்கள் உள்ளே ஒரே முகமாகிவிடுகிறார்கள். பீமன் கையில் இருப்பதும் கதை, பாட்டி சொல்வதும் கதை. பரதநாட்டியத்தில் முகத்தில் வருவதும் பாவம், அதைப் பார்க்க டிக்கெட் கிடைக்காதவனும் பாவம். பத்தியைப் பாருங்கள்: பழந்தமிழில் பக்தி பத்தி ஆனது, வரிசை என்ற பொருள் கொண்ட ‘பங்க்தி’யும் பத்தி ஆனது, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான், திரி என்ற பொருளில் வடக்கேயிருந்து வந்த ஊதுபத்தி மூன்றாவது, பேச்சில் ‘அவனைப் பத்தி’ என்கிறோமே, அந்தப் ‘பற்றி’ நாலாவது. பத்தியோடு பத்தி ஏற்றுவதைப் பத்தி ஒரு பத்தி எழுதலாம்.

லாட்ஜுக்குத் திரும்புகிறேன். அறைச் சாவியைக் கொடுப்பதற்கு முன் பதிவேட்டில் எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தார் மேசைக்காரர். பெயருக்கு எதிரே உறவுக்கு ஒரு கட்டம். மாமா, மாமி எழுதியாயிற்று. நான் பின்னால் திரும்பி, "பெரியம்மா, ஆதார் கார்டு குடுங்க" என்றேன். அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "பெரியம்மா... ஆ, பெத்தம்மா!" என்று தனக்குள் மொழிபெயர்த்துக்கொண்டார். பிறகு, சரிதானா என்பதுபோலப் பெரியம்மாவையே பார்த்து, என்னைக் கைகாட்டி, "பெத்தம்மா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா, "ஆமாப்பா" என்றார்.

புத்தூர் ரோட்டில், ‘பெத்த’ என்றால் பெரிய என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். ஞாபகம் இருந்ததா என்று கேட்கவில்லை.